மூடி போட்டால்தான் ஊசி

கஃப்ர் அல்-நாவூரா அரசு மருத்துவமனையில் ஊசி ஊழியர்களைக் குத்துவதில்லை. வாசலில் கட்டியிருந்த பச்சைத் துணியில் அப்படித்தான் எழுதியிருந்தது. நோயாளியைக் குத்தும், அது சிகிச்சை. ஊழியரைக் குத்தாது, அது நிர்வாகத்தின் முடிவு. மாகாணத்தில் வேறெந்த மருத்துவமனையும் இப்படியொரு முடிவெடுக்கத் துணியாததால், சுகாதாரத் துறைத் துணைச் செயலரே வியாழக்கிழமை நேரில் வந்து கேடயம் வழங்குவதாக ஏற்பாடு.

அந்த வியாழக்கிழமை காலையில் ரவ்ஹிய்யாவை ஊசி குத்தியது.

ரவ்ஹிய்யா ரத்தம் எடுப்பவள். கை நடுங்காதவள், நரம்பு தேடி அலையாதவள் என்று சந்தை வரைக்கும் பெயர். அவள் கையில் தவறில்லை. தவறு மூடியில் இருந்தது. மூடியின் கதையைச் சொல்வதென்றால் ஸ்டோரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டோர் உஸ்தாஸ் ஸிராஜின் பொறுப்பு. அரசாங்கப் பொருள் எதுவாக இருந்தாலும் அது யாரோ ஒருவருடைய பொறுப்பில் இருக்க வேண்டும், குறைந்தால் அவர் தலையில்தான் விடியும். ஸிராஜுக்கு முன்னால் இருந்தவருக்கு மூன்று மலச்சட்டிகள் குறைந்தன. அதனால் அவரை ஓய்வுபெற விடவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து சட்டிகளைத் தேடிக்கொண்டே இறந்துபோனார். அவரைத் தூக்கியபோது நாற்காலியின் ஒரு கால் உடைந்தது. அதையும் அவர் கணக்கில்தான் சேர்த்தார்கள். இதைக் கண்ணால் கண்ட ஸிராஜ், பொறுப்பேற்ற அன்றே ஒரு விதி செய்தார். பழைய ஊசியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது ஊசி. சிறிது காலம் ஊழியர்கள் ஊசிகளை அப்படியே கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார்கள். ஒன்று ஸிராஜின் சட்டைக் கையில் மாட்டிக் கிழித்தது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: பணியாளர் பாதுகாப்பை முன்னிட்டு, பயன்படுத்திய ஊசிகள் மூடி போட்டே திருப்பித் தரப்பட வேண்டும்.

ரத்தம் எடுக்கும் அறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது: பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர், விரலில் குத்தும். புதுச் சுற்றறிக்கையை அதன் பக்கத்தில், கோணாமல், ஒரே உயரத்தில் ஒட்டினார்கள்.

ஊசிகளைப் போட மஞ்சள் பெட்டிகள் இல்லாமல் இல்லை. ஸ்டோரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஆனால் அந்தப் பெட்டிகள் நிரம்பியதும் எரிக்கப்பட வேண்டியவை. எரிந்துபோகிற பொருளைத் திருப்பித் தர முடியாது. திருப்பித் தர முடியாத பொருளை ஸிராஜ் வெளியே விடமாட்டார். ஒரே ஒரு பெட்டி மட்டும் இயக்குநர் அறையின் கண்ணாடி அலமாரியில், பழைய கேடயங்களுக்கு நடுவில் இருந்தது. அது தர்மப் பெட்டி என்று நினைத்து யாரோ உள்ளே ஒரு நோட்டைப் போட்டிருந்தார்கள்.

இனி அந்தக் காலை. ரவ்ஹிய்யாவின் எதிரில் உட்கார்ந்திருந்தது ஹாஜ்ஜா நஃபூஸா. சந்தையில் கோழி விற்பவள், பித்தப்பை அறுவைக்கு முன் பரிசோதனைக்கு வந்திருந்தாள். ரத்தம் எடுத்தாயிற்று. பஞ்சை வைத்தாயிற்று. ஊசிக்கு மூடி போடும்போது நஃபூஸா, "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டாள். ரவ்ஹிய்யா நிமிர்ந்தாள். மூடி இடது கையில், ஊசி வலது கையில். ஊசி மூடியை விட்டுவிட்டு விரலுக்குள் போனது.

"ஐயோ, குத்திடுச்சா?"

"ஒண்ணுமில்ல ஹாஜ்ஜா."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் உன் மூஞ்சி சுண்ணாம்பாயிடுச்சு? இந்தா, என் ரத்தத்துல அது இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. பி-யோ என்னவோ. மஞ்சக்காமாலை. வருஷக்கணக்கா உள்ளேயே குடியிருக்கு, வாடகை கூடத் தராம."

ரவ்ஹிய்யா கையைக் குழாயடியில் நீட்டி, சோப்புப் போட்டுக் கழுவினாள். அவள் மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டவள்தான். ஆனால் அது அவள் உடம்பில் பிடிக்கவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்று போன வருடப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் குத்திவிட்டால் கிருமி வேர்விடாமல் தடுக்க வேறொரு மருந்து உண்டு. ஒரு நாளுக்குள் போட்டுவிடுவது நல்லது. தாமதிக்கத் தாமதிக்க மருந்துக்கு வேலை குறையும், கிருமிக்குக் கூடும்.

அவள் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு ஓடினாள். தலைவர் டாக்டர் நெர்மீன், ஊசி குத்திப் பழகுகிற ரப்பர் கை ஒன்றுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஊசி குத்திடுச்சு."

"இன்னிக்கா? ஹபீப்தி, கண்ணு, இன்னிக்கு வேணாம்." ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டார். "குத்துச்சா, உரசுச்சா?"

"குத்துச்சு. ரத்தம் வந்துச்சு."

"உரசினாலும் ரத்தம் வரும். சரியா யோசிச்சுச் சொல்லு. ஓட்டை விழுந்தது கையுறையிலயா, உன் மேலயா?"

"கையுறைக்குள்ள நான்தான் இருந்தேன் டாக்டர்."

"ஏன் மூடி போட்ட? போடாதேன்னு சுவர்ல ஒட்டியிருக்கேனே?"

"பக்கத்துலயே போடுன்னும் ஒட்டியிருக்கே."

நெர்மீன் பொறுமையாக விளக்கினார். "அது நிர்வாகச் சுற்றறிக்கை. இது மருத்துவச் சுற்றறிக்கை. மருத்துவ ரீதியா நீ மூடி போடக்கூடாது. நிர்வாக ரீதியா போட்டே ஆகணும். ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யத்தானே உங்களுக்கு நான் மூணு நாள் பயிற்சி கொடுத்தேன்? சாப்பாடு கூடப் போட்டோமே."

சாப்பாடு போட்டது உண்மை.

"மருந்து வேணும் டாக்டர்."

"காயம் பட்ட ஊழியருக்கு மருந்து கொடுக்கணும்னா இயக்குநர் கையெழுத்து வேணும். போ. ஆனா அவர்கிட்ட குத்திச்சுன்னு எடுத்தவுடனே சொல்லாதே. இன்னிக்கு அவருக்கு ரத்தக் கொதிப்பு."

இயக்குநர் டாக்டர் இஸ்மத் கோர்ஷித், ஊழியர்களுக்கு 'பாஷா', கண்ணாடி முன் நின்று சொற்பொழிவைப் பழகிக்கொண்டிருந்தார். பருத்த உருவம், அதற்கேற்ற குரல். ரவ்ஹிய்யா சொன்னதைக் கண்ணாடியிலேயே கேட்டுக்கொண்டார்.

"உட்காரு மகளே. டீ குடி. நான் உன்னை நம்பலைன்னு நினைக்காதே. குத்தியிருக்கும். ஆனா யோசிச்சுப் பாரு. காயம்னு பதிவானாத்தான் அந்த மருந்து வெளிய வரும். காயம் பதிவானா கேடயம் வராது. கேடயம் வரலைன்னா, ஊசி குத்தாம தடுக்கிற நம்ம திட்டமே நின்னுபோகும். திட்டம் நின்னா எத்தனை பேரைக் குத்தும்! நீ ஒருத்தி பொறுத்துக்கிட்டா அத்தனை பேரும் பிழைச்சாங்க."

"பாஷா, எனக்குத் தடுப்பூசி பிடிக்கலை."

"அதுக்கு நிர்வாகம் என்ன செய்யும்? நாங்க போட்டோம், நீதான் பிடிச்சுக்கலை." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. நாளைக்கு வெள்ளி, லீவு. சனிக்கிழமை காலையில வந்ததும் குத்திக்கோ. முதல் கையெழுத்து உனக்குத்தான்."

"சனிக்கிழமைக்குள்ள கிருமி உள்ள போயிடுமே."

"கிருமிக்கும் வெள்ளிக்கிழமை லீவுதான்" என்றார் இயக்குநர். தன் நகைச்சுவையைக் கண்ணாடியில் பார்த்து ரசித்துவிட்டு, சொற்பொழிவின் அடுத்த வரிக்குப் போனார்.

ரவ்ஹிய்யா வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு மாமியார், அவர்களுக்கு நடுவே குழம்பி நிற்கிற ஒரு கணவன். கல்லீரல் கெட்டுப்போய் வயிறு வீங்கி வந்தவர்களின் கைகளில் நரம்பு தேடியவள் அவள். அந்தக் கைகள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பின்னாலேயே நஃபூஸா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கையில் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்ன சொன்னான் அந்தத் தடியன்?"

"சனிக்கிழமை குத்திக்கச் சொன்னார்."

நஃபூஸா சந்தையில் மட்டும் பேசுகிற பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

அந்த மருந்து பிரசவ வார்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. வார்டின் தலைமைத் தாதி ஹிக்மத், எந்நேரமும் பூசணி விதை கொறிப்பவள். பாதி ஊரை வெளியே இழுத்துப் போட்டவள் என்பதால் மீதி ஊரும் அவளுக்குப் பயப்படும். ரவ்ஹிய்யா சொல்லி முடிக்கும் வரை விதையைக் கொறித்துக் கேட்டாள்.

"மருந்து இருக்கு. ரெண்டு டஜன் குப்பி. இந்த மாசக் கடைசியில காலாவதியாகி எல்லாத்தையும் சாக்கடையில ஊத்தப் போறேன். ஆனா காயம்பட்ட ஊழியர்னா இயக்குநர் கையெழுத்து இல்லாம தொட முடியாது."

"வேற யாருக்குத் தருவீங்க?"

"இந்தக் கிருமி இருக்கிற அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்கு. அதுக்கு எந்தத் துரை கையெழுத்தும் வேணாம். குழந்தை பிறந்துச்சுன்னு நான் சொன்னா பிறந்துச்சு." விதைத் தோலைத் துப்பினாள். ரவ்ஹிய்யாவை மேலும் கீழும் பார்த்தாள். "பிறந்துடு."

"என்னது?"

"பிறந்துடுங்கறேன். காயம்தானே இந்த ஆஸ்பத்திரியில நடக்கக் கூடாது? பிறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. அம்மாதான் வேணும். கிருமி இருக்கிற அம்மா."

"எனக்கு இருக்கே!" என்று நஃபூஸா கையைத் தூக்கினாள். பஞ்சு கீழே விழுந்தது. "எனக்கு எழுதிக்கோ! அஞ்சு தடிப் பசங்க பெத்தேன். ஒரு பொண்ணு வேணும்னு நேராத தர்கா இல்லை."

"ஹாஜ்ஜா, உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசு" என்றாள் ரவ்ஹிய்யா.

"அல்லாஹ் தர நினைச்சா நீ யாரு தடுக்க?"

சிக்கல் அளவில் வந்தது. குப்பிகளில் இருந்தது குழந்தைக்கான அளவு. ஹிக்மத் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டாள். ரவ்ஹிய்யாவின் உடம்புக்கு ஒன்பது குப்பி வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு குப்பிதான். ஆகவே ரவ்ஹிய்யா ஒன்பது குழந்தைகளாகப் பிறக்க வேண்டியதாயிற்று. குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டும் பட்டைகளை ஒன்றோடொன்று கோத்து, 'நஃபூஸாவின் பெண்' என்று ஒவ்வொன்றிலும் எழுதி, ரவ்ஹிய்யாவின் கையில் வளையல் போல வரிசையாகக் கட்டிவிட்டாள் ஹிக்மத். நஃபூஸாவின் கையில் தாய்க்கான பட்டை ஏறியது.

ஆனால் குளிர்பெட்டிச் சாவி மருந்தாளரிடம் இருந்தது. மருந்தாளர் பூங்கொத்தோடு விழா வரிசையில் நின்றார். விழா முடியாமல் அவர் அசையக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே புதிதாகப் பிறந்த ஒன்பது குழந்தைகளும் தாயும் விழாவுக்குப் போனார்கள்.

மண்டபத்தில் துணைச் செயலர் செம்பருத்தி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பேசினார்.

"மேதகு ஐயா! மற்ற மருத்துவமனைகளில் காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை தருகிறார்கள். எங்கள் சாதனை அதைவிடப் பெரிது. நாங்கள் காயத்தையே அனுமதிப்பதில்லை! எங்கள் ஊழியர்கள் வலியைக் கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அளவுக்குப் பயிற்றுவித்திருக்கிறோம்! இதன் வெற்றி யாரால்? ஒரு மூடியால்!" ஸிராஜை எழுந்து நிற்கச் சொன்னார். ஸிராஜ் எழுந்தார். சட்டைக் கையில் அந்தக் கிழிசல் இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டார். கைதட்டினார்கள்.

செய்முறை காட்ட, நெர்மீன் ரிப்பன் கட்டிய ரப்பர் கையைக் கொண்டுவந்தார். துணைச் செயலர் கொட்டாவி விட்டார்.

"இந்த ரப்பர் கையை எல்லா ஊர்லயும் பார்த்தாச்சு டாக்டர். உயிருள்ள ஆளைக் கொண்டாங்க."

முன்வரிசையில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது நஃபூஸா ஒருத்திதான். மேடைக்கு அழைத்தார்கள். ரவ்ஹிய்யாவையும் அழைத்தார்கள். அவள் ஊசியைக் கையில் எடுப்பதற்குள் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஒரு நிர்வாகி முன்னுதாரணமாக இருக்க வேண்டும். நானே எடுக்கிறேன்!"

கடைசியாக அவர் ரத்தம் எடுத்தது மாணவராக இருந்தபோது. இருந்தும் மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. நஃபூஸா ஐந்து பிள்ளை பெற்றவள், பல்லைக் கடித்துக்கொண்டாள். இயக்குநர் ஊசியை இடது கைக்கு மாற்றி உயர்த்திக் காட்டி, வலது கையில் மூடியை எடுத்தார்.

"பாஷா, மூடி போடாதீங்க. நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் ரவ்ஹிய்யா, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"கவனியுங்கள், இதோ மூடி!" என்றார் இயக்குநர், ஊருக்கே கேட்கும்படி.

கைதட்டல் எழுந்தது. இயக்குநரின் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. அதன் மேலிருந்த கண்கள் மட்டும் வேறு யாருடையவோ ஆயின. வலது கை கோட்டுப் பைக்குள் போனது. இடது கையால் கேடயம் வாங்கினார். இடது கையால் கைகுலுக்கினார். புகைப்படக்காரன், "வலது கை, பாஷா, வலது கை" என்று கெஞ்சினான். பையின் வெளிப்பக்கம், சாம்பல் நிறத் துணியில், ஒரு பொட்டு சிவப்பாக விரிந்துகொண்டிருந்தது.

துணைச் செயலரின் கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் இயக்குநர் பிரசவ வார்டு வாசலில் நின்றார். உள்ளே சாவி வந்துவிட்டது. ஹிக்மத் குப்பிகளை உடைத்து ரவ்ஹிய்யாவுக்கான ஊசியில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஹிக்மத், அது எனக்கு."

"பாஷாவுக்குக் காயமா?"

"காயமில்லை." கேடயம் இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது. "காயம்னு யார் சொன்னா?"

"காயமில்லைன்னா மருந்து எதுக்கு? அதுவும் நீங்க தடுப்பூசி போட்டவராச்சே. நடையில உங்க படம் தொங்குதே, சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு."

இயக்குநர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நிஜக் குழந்தை அழுதது.

"படத்துக்குத்தான் கையைச் சுருட்டினேன்" என்றார். "படம் எடுத்ததும் இறக்கிட்டேன். எனக்கு ஊசின்னா..."

யாரும் சிரிக்கவில்லை. பிரசவ வார்டில் பெரிய மனிதர்கள் முகம் வெளிறுவது புதிதல்ல.

"அப்ப நீங்களும் பிறக்கணும்" என்றாள் ஹிக்மத். "உங்க உடம்புக்குப் பன்னிரண்டு வேணும். அம்மா அங்க இருக்காங்க. கேட்டுக்கோங்க."

நஃபூஸா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, பிரசவித்தவர்களுக்கென்று தருகிற கோழிச் சாறைக் குடித்துக்கொண்டிருந்தாள். இயக்குநரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு ஏற்கெனவே அஞ்சு பசங்க. ஆறாவதுக்கு இடமில்லை."

"ஹாஜ்ஜா, தயவுசெஞ்சு."

"கையில மூணு தடவை குத்தினியே, அப்ப ஹாஜ்ஜா தெரியலையா? முதல்ல மூத்தவளுக்குப் போடட்டும். அப்புறம், அந்த மூடி வேணாம்னும், மஞ்சப் பெட்டிங்களை வெளிய விடணும்னும் உன் கைப்பட எழுதிக் கொடு. கொடுத்தா நான் உன் அம்மா. இல்லைன்னா சனிக்கிழமை பிறந்துக்கோ."

ஹிக்மத் ரவ்ஹிய்யாவுக்கு இரண்டு பக்கமும் ஊசி போட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, பயன்படுத்திய ஊசியை மூடாமல் ஒரு பால்மாவு டின்னுக்குள் போட்டாள். ரவ்ஹிய்யா கண்ணை மூடி வெகுநேரம் மூச்சை வெளியே விட்டாள். இயக்குநர் இடது கையால் உத்தரவை எழுதினார். கோணல் மாணலாக இருந்தாலும் கையெழுத்து செல்லுபடியாகும். ஆண் குழந்தைகளுக்கான நீலப் பட்டை தீர்ந்துபோயிருந்ததால் பன்னிரண்டும் ரோஸ் நிறத்தில் கட்டினார்கள். ஊசி போடும்போது நஃபூஸா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மஞ்சள் பெட்டிகள் உறை பிரிந்து வெளியே வந்தன. அறைகளில் ஊசிகள் மூடியில்லாமல் நேராகப் பெட்டிக்குள் விழுந்தன. சில நாளில் ஒரு பெட்டி நிரம்பியது. ரவ்ஹிய்யா அதைப் பூட்டி, எரிக்க அனுப்பக் கையெழுத்து வாங்க ஸ்டோர் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

"திற" என்றார் ஸிராஜ்.

"எதுக்கு உஸ்தாஸ்?"

"பெட்டியை விட்டேன், உத்தரவு. ஊசியை எண்ண வேண்டாம்னு உத்தரவுல இல்லையே. கையை விட்டு ஒவ்வொண்ணா எடுத்து எண்ணிக் காட்டு."

ரவ்ஹிய்யா சட்டைக் கையைச் சுருட்டினாள். பட்டைகளை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரோஸ் நிறத்தில் வரிசையாக இருந்தன. முழங்கையை ஜன்னலில் ஊன்றி வைத்தாள்.

"நான் கைக்குழந்தை, உஸ்தாஸ். எனக்கு எண்ண வராது. நீங்களே எண்ணிடுங்க."

ஸிராஜ் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஒரு விரலை நீட்டினார். விரல் பாதி வழியில் நின்றது. அவர் ரவ்ஹிய்யாவின் பட்டைகளைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், மூடியைச் சாத்தினார்.

"எண்ணியாச்சு. சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எல்லாப் பெட்டிகளும் எண்ணாமலே சரியாக இருந்தன.

குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைதான் கொஞ்சம் தொந்தரவு செய்தது. 'இரண்டு போதும்' என்று அரசு மன்றாடும் வேளையில், உங்கள் மருத்துவமனையில் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் ஒரே நாளில் இருபத்தொரு குழந்தைகள் பெற்றது கொள்கைக்கு முரணானது என்று கடிதம் வந்தது. அப்படி நடக்குமா என்று அந்தக் கடிதம் கேட்கவில்லை. நடந்திருக்கக் கூடாது என்று மட்டும் கண்டித்தது. தாய்க்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது, இனி செய்யமாட்டேன் என உறுதியளித்தார் என்று இயக்குநர் பதில் எழுதினார்.

ஆறு மாதம் கழித்து ரவ்ஹிய்யாவுக்கும் இயக்குநருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. இருவர் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. முடிவை வாசித்ததும் ரவ்ஹிய்யா ரத்தம் எடுக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். வரிசையில் நின்ற நோயாளிகள் தங்கள் முடிவுதான் மோசம் என்று நினைத்துக் கலைந்து போனார்கள். விதிப்படி இந்த முடிவும், நஃபூஸாவின் குழந்தைகள் என்ற பெயரில், துறைக்குப் போனது. அங்கே யாரோ அதை மற்றக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். தாயிடமிருந்து இருபத்தொரு குழந்தைகளில் ஒன்றுக்குக் கூடத் தொற்று பரவாமல் தடுத்த மருத்துவமனை மாகாணத்தில் வேறில்லை என்று தெரியவந்தது.

இரண்டாவது கேடயத்துக்கும் துணைச் செயலரே வந்தார். இந்த முறை தாயை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"ஹாஜ்ஜா, பிள்ளைகள் எல்லாரும் நலமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் துணைச் செயலர்.

நஃபூஸா கூட்டத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் ரவ்ஹிய்யா. பக்கத்தில், இரண்டு கையாலும் கேடயத்தைப் பிடித்தபடி, இயக்குநர்.

"அல்ஹம்துலில்லாஹ். பொண்ணு நல்லா இருக்கா" என்றாள். "பையனுக்குத்தான் இன்னும் ஊசின்னா பயம்."